அவரை மட்டுமே குறிக்கும் சொற்கள்

பள்ளியில் எங்களுக்குத் தமிழ் கற்பித்த ஐயா இந்த ஆண்டு காலமானார். இரங்கல் கூட்டத்தில் பேசியவர்கள் எல்லோரும் மனமாரத்தான் பேசினார்கள். எளிமையானவர், அன்பானவர், மாணவர்களைத் தம் பிள்ளைகளாகப் பார்த்தவர் என்றார்கள். அத்தனையும் உண்மை. ஆனால் பெயரை மட்டும் மாற்றிவிட்டால் அந்தப் பேச்சு எந்த நல்லாசிரியருக்கும் பொருந்திவிடும். இத்தனை நேசித்த ஒருவரைப் பற்றி, அவரை மட்டுமே குறிக்கும் ஏதாவது நம்மிடம் மிஞ்ச வேண்டாமா?

உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' நூலை மறுபடி எடுத்துப் படித்தேன். 1871-இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கச் சேர்ந்தபோது அவருக்குப் பதினாறு வயது. 1876 பிப்ரவரி முதல் நாள் பிள்ளையவர்கள் மறைந்தார். ஐந்தாண்டுகூட நிறையாத பழக்கம். ஆனால் அந்த ஆசிரியரின் வரலாற்றை இரண்டு பாகங்களாக அவர் வெளியிட்டது 1933, 1934-இல். எண்பதை நெருங்கிய வயதில், ஐம்பத்தேழு ஆண்டுகளுக்கு முன் போனவரை எழுத உட்கார்ந்திருக்கிறார்.

எதையெல்லாம் நினைவில் வைத்திருந்தார் என்பதுதான் வியப்பு. பிள்ளையவர்கள் வீட்டுத் தோட்டத்தில் மரங்களை நட்டு, தளிர் விட்டிருக்கிறதா என்று காலையில் போய்ப் பார்ப்பாராம். இதைக் கவனித்த மாணவர், தாம் முந்தி எழுந்து மரம் மரமாகத் தேடி, தளிர் கண்ட இடத்தை அவருக்குக் காட்டுவார். ஆசிரியர் முகம் மலரும். அந்த நேரம் பார்த்து, பாடம் வேண்டும் என்று கேட்பார். பெரும் புலவர் என்ற சொல்லுக்குள் அடங்காத ஒரு மனிதர், கிளையை அண்ணாந்து பார்த்தபடி, இந்த இடத்தில் நம் முன்னால் நிற்கிறார்.

பிடிக்காததையும் அவர் மறைக்கவில்லை. சாமிநாதையர் சங்கீதக் குடும்பத்துப் பிள்ளை. மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசை கற்றுக்கொண்டிருந்தார். பிள்ளையவர்களுக்கு அது உவப்பாயில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார். ஆசிரியரின் இந்தக் குறுகலை நாமாக இருந்தால் விட்டுவிட்டு எழுதியிருப்போம். அவர் எழுதினார், மதிப்புத் துளியும் குறையாமல்.

இன்னொன்றும் என்னை நெகிழ வைக்கிறது. 1880-இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் என்பவர், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டபோது சாமிநாதையர் அதைப் பாடம் கேட்டிருக்கவில்லை. தலபுராணம், பிள்ளைத்தமிழ், அந்தாதி என்று போன வழி பிள்ளையவர்களுடையது. மாணவர் 1887-இல் சிந்தாமணியைப் பதிப்பித்து, பிறகு சங்க நூல்களுக்குள் வெகுதூரம் போய்விட்டார். இவ்வளவு தூரம் வந்தபின் பழைய ஆசிரியர் சிறியவராகத் தெரிவது வழக்கம். இவருக்கு அப்படித் தெரியவில்லை. பிள்ளையவர்களின் செய்யுள்களை இன்று தேடிப் படிப்பவர் சிலரே. ஆனால் அந்த மனிதரைப் பலருக்குத் தெரியும், மாணவர் எழுதிவைத்ததால்.

எங்கள் ஐயாவைப் பற்றி எழுத ஒரு நோட்டு வாங்கியிருக்கிறேன். முதலில் எழுதியது, அவர் கட்டுரை திருத்தும் விதம். பிழையை அடித்துத் திருத்த மாட்டார். தவறான எழுத்தின் கீழே சிவப்பு மையில் ஒரு புள்ளி மட்டும் வைப்பார். றகரமா ரகரமா, ஒற்று மிகுமா மிகாதா என்று நாங்களே கண்டுபிடித்து மறுநாள் அவரிடம் காட்ட வேண்டும். சரியாக இருந்தால் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார். அந்த வட்டத்துக்காக அகராதியைப் புரட்டிய இரவுகள் உண்டு. சினிமாப் பாட்டை முணுமுணுத்தால் அவருக்குக் கோபம் வரும், அதில் நல்ல தமிழ் இருந்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டார். அதையும் எழுதியிருக்கிறேன்.

எனக்குப் பல ஆண்டுகள் பின்னால் படித்த ஒருவரிடம் புள்ளியைப் பற்றிச் சொன்னபோது, "எங்க காலத்துல புள்ளியெல்லாம் கிடையாதுண்ணே, தப்பான வரிய எங்களையே சத்தமா வாசிக்கச் சொல்லுவாரு" என்றார். அப்படியானால் இடையில் ஐயா முறையை மாற்றியிருக்கிறார். எப்போது, எதைக் கண்டு மாற்றினார்? அவருடன் வேலை பார்த்த கணக்கு ஆசிரியர் இன்னும் ஊரில்தான் இருக்கிறார். அடுத்த வாரம் போய்க் கேட்க வேண்டும்.