‘ஒரு நிமிஷம் சார்’ என்று யார் சொல்வது?

சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலைநகரில் மருத்துவம், பல் மருத்துவம், நர்சிங், பார்மசி எல்லாமே ஒரே வளாகத்தில் வளர்ந்த படிப்புகள். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929இல் தொடங்கியது. பல் மருத்துவக் கல்லூரி 1980இல், மருத்துவக் கல்லூரி 1985இல். மருத்துவ, பல் மருத்துவ, நர்சிங் கல்லூரிகள் 2021இல் அரசின் சுகாதாரத் துறைக்கு மாறின. கடலூர் மாவட்டத்துக்கான அரசு மருத்துவக் கல்லூரி இப்போது அதுதான்.

ஆனால் பக்கத்தில் பக்கத்தில் படிப்பது வேறு, சேர்ந்து படிப்பது வேறு. வெவ்வேறு தொழிலுக்குப் போகும் மாணவர்கள் ஒருவரோடு ஒருவர், ஒருவரிடமிருந்து ஒருவர் கற்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2010இல் ஓர் அறிக்கையே போட்டது. நம் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டமும் 2019 முதல் டாக்டரைக் குழுவின் தலைவர் என்பதோடு உறுப்பினர் என்றும் சொல்கிறது. சிக்கல் அந்த இரண்டாவது சொல்லில்தான்.

ஒரு வார்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பையனுக்குச் சின்ன வயதில் ஏதோ ஊசி போட்டு உடம்பெல்லாம் தடித்துவிட்டது என்று அம்மா நர்சிங் மாணவியிடம் சொல்லியிருக்கிறார்: “பென்சிலினோ என்னமோ சொன்னாங்க.” ரவுண்ட்ஸில் டாக்டர் அமாக்ஸிசிலின் எழுதுகிறார். அது பென்சிலின் குடும்பம் என்பது பார்மசி மாணவனுக்குத் தெரியும். அம்மா சொன்னது தெரியாது. டாக்டருக்கு நோய் தெரியும், மருந்தும் தெரியும். அம்மா சொன்னது அவர் காதுக்கும் வரவில்லை. உண்மை மூன்று பேரிடம் சிதறிக் கிடக்கிறது. சேர்க்க வேண்டியவளோ அங்கே நிற்பவர்களில் ஆகச் சின்னவள்.

அவள் பேசாமல் இருந்தால் தப்பு யாருடையது? அவளுடையது என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் போன தடவை வாய் திறந்தவளுக்கு “நீ டாக்டரா?” என்ற பதில் கிடைத்திருந்தால், இந்த மௌனம் கோழைத்தனம் இல்லை, கற்ற பாடம். பேசுவதற்கு விலை வைத்தவருக்குத்தான் மௌனத்தில் பெரிய பங்கு.

“எல்லாரும் சமம்னா கடைசியில யார் பொறுப்பு?” நியாயமான கேள்விதான். முடிவெடுப்பது ஒருவராகவே இருக்கட்டும். நிறுத்திக் கேட்கும் உரிமை எல்லாருக்கும் வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று வெட்டுவதில்லை.

அறுவை சிகிச்சைக்கான உலக சுகாதார நிறுவனத்தின் சரிபார்ப்புப் பட்டியலில் ஒரு சின்ன வரி உண்டு: கத்தி வைப்பதற்கு முன் எல்லாரும் தங்கள் பெயரையும் வேலையையும் சொல்லியிருக்க வேண்டும். டெல்லி உட்பட எட்டு நகரங்களில் அந்தப் பட்டியலைப் பயன்படுத்திப் பார்த்த ஆய்வு 2009இல் வெளியானது. இறப்பு நூற்றுக்கு 1.5இலிருந்து 0.8 ஆகக் குறைந்திருந்தது. பெயர் சொன்னதால் மட்டும் அல்ல, பட்டியலில் வேறு பலவும் உண்டு. இருந்தாலும், எல்லாருக்கும் வெறும் ‘சிஸ்டர்’ ஆக இருந்தவர் ஒருமுறை தன் பெயரைச் சொல்லிவிட்டால், அடுத்த வாக்கியம் கொஞ்சம் சுலபமாக வரும்.

இடித்துச் சொல்ல ஆளில்லாத மன்னன் பகைவன் இல்லாமலே கெடுவான் என்றார் வள்ளுவர். அங்கே இடித்துச் சொல்பவர்கள் பெரியவர்கள். வார்டில் சொல்ல வேண்டியவர் பல சமயம் சின்னவர். அதனால் நர்சிங் மாணவிக்கு மட்டும் ‘தைரியமாப் பேசு’ என்று வகுப்பெடுத்துப் பிரயோஜனமில்லை. வருங்கால டாக்டரை அவள் பக்கத்தில் உட்கார வைத்து, அவள் குறுக்கிட்டதும் “நல்லவேளை சொன்னீங்க, பார்த்துடலாம்” என்று சொல்லிப் பழக்க வேண்டும். அவள் சொன்னது தப்பாக இருந்தாலும் அதே பதில்தான். அப்போதுதான் அடுத்த முறையும் சொல்வாள்.