மருந்துப் பரீட்சைக்கு உடம்பு கொடுத்தல்

மனிதருக்கு வரும் நோய்களுள்ளே மூச்சுக்குழாய்களை அடைத்து வருத்தும் நோய் மிகக் கொடிது. பசியைச் சில நாட் பொறுக்கலாம். தாகத்தைச் சில நாழிகை பொறுக்கலாம். மூச்சின்மையைப் பொறுத்தல் ஒருவர்க்கும் இயலாது. எம்மவர் தொய்வு என்றும் முட்டு என்றும் வழங்கும் நோயும், புகைகுடியினாலும் அடுப்புப்புகையினாலும் நுரையீரல் ஆண்டுக்கணக்காகப் பழுதுற்று வரும் நாட்பட்ட மூச்சடைப்பும் இவ்வகையின. தொய்விலே சுருங்கிய குழாய்கள் மருந்தினாற் பெரும்பாலும் மீள விரியும். பின்னையதிலோ முற்றாக விரியா. ஆதலால் இவற்றிற்குப் புதுமருந்து தேடுதல் இன்றும் ஓயாது நடைபெறுகின்றது. தேடிய மருந்து நன்றோ தீதோ என்பது மனிதருடம்பிலே சோதித்தாலன்றி நிச்சயமாக அறியப்படாது. அச்சோதனைக்கு நோயாளரிடம் உடம்பைக் கேட்டல் தகுமோ, அவர் கொடுத்தல் தகுமோ என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகுந்த வினா.

தகாது என்பார் கூறுவது: வைத்தியரது கடன் தம்மை அடைந்தவரைக் குணப்படுத்தலேயாம், திருவுளச்சீட்டுப் போடுவார்போல நோயாளரைப் பிரித்து, ஒரு சாரார்க்கு மருந்தும் மற்றைச் சாரார்க்கு மருந்துச்சத்தில்லாத வெறுமருந்தும் கொடுத்தல், ஒருவரைப் பிறர் பொருட்டுக் கருவியாக்குதலாம், அது கருணையன்று, என்பது. இவ்வாட்சேபம் எளிதில் தள்ளத்தக்கதன்று.

எனினும், பிரித்தானியாவிலே எடின்பரோ, பர்மிங்காம், ஷெபீல்டு என்னும் மூன்றிடங்களிற் செய்யப்பட்டு 1981 ஆம் ஆண்டிலே வெளியிடப்பட்ட சோதனையை நோக்குக. நாட்பட்ட மூச்சடைப்பினால் இரத்தத்திலே பிராணவாயு குறைந்து இருதயமுந் தளர்ந்த 87 பேர் அதிற் சேர்ந்தனர். அவருள் ஒரு சாரார் நாளொன்றுக்கு 15 மணிநேரமாயினும் வீட்டிலே பிராணவாயு பெற்றனர். மற்றையோர் அஃதொழிந்த வழக்கமான வைத்தியத்தை மாத்திரம் பெற்றனர். ஐந்தாண்டுகளுக்குள்ளே, பெற்ற 42 பேருள் 19 பேரும், பெறாத 45 பேருள் 30 பேரும் இறந்தனர். இன்று உலகெங்கும் அந்நிலையினர்க்கு வீட்டிலே பிராணவாயு கொடுக்கும் முறை இத்தகைய சோதனைகளையே ஆதாரமாக உடையது.

அங்ஙனமாயின், அந்த 45 பேருக்கும் கொடாது விட்டது பெரும்பாவமன்றோ எனின், அன்று. கொடுத்தல் நன்மை பயக்குமென்பது அதற்கு முன்னே துணியப்பட்டிலது. பிராணவாயு மிகுந்தால் இவருட் சிலர்க்கு மூச்சு மந்தித்துக் கரியமிலவாயு இரத்தத்திற் பெருகுமென்னும் அச்சமும் இருந்தது. நம்புதல் வேறு, அறிதல் வேறு. அமெரிக்காவிலே தொய்வுடையார் 26,355 பேரைக் கொண்டு 1996 ஆம் ஆண்டு தொடங்கிய ஒரு சோதனையிலே, வழக்கமான மருந்துகளோடு சால்மெற்றரோல் என்னும் உறிஞ்சு மருந்தையுஞ் சேர்த்துப் பெற்றவருள் 13 பேரும், அதற்கு ஈடாக வெறுமருந்து பெற்றவருள் 3 பேரும் தொய்வினால் இறந்தனர். அங்கே வெறுமருந்து பெற்றவரே தப்பினவராயினர். இக்காலத்திலே தொய்வுக்கு அம்மருந்தைத் தனியே கொடாது, அழற்சி தணிக்கும் மருந்தோடு சேர்த்தே கொடுக்கின்றார்கள். ஆதலால், உண்மையான ஐயம் உள்ளவிடத்து இருசாராராகப் பிரித்தல் அநீதியாகாது. பயன் துணியப்பட்ட மருந்து உள்ளவிடத்து அதனை மறைத்து வெறுமருந்தை மாத்திரம் கொடுத்து ஒருவரைக் கேட்டுக்கு உள்ளாக்குதலே அநீதியாம்.

இனி, கேட்பவர்க்கு உள்ள கடன் மிகப் பெரிது. 2001 ஆம் ஆண்டிலே பால்டிமோர் நகரில், தொய்வின் காரணத்தை அறியும்பொருட்டுச் செய்த ஆராய்ச்சியிலே, நோயில்லாத 24 வயதுப் பெண்ணொருவர் தாமே முன்வந்து ஒரு மருந்தை மூச்சோடு உட்கொண்டு, நுரையீரல் கெட்டு இறந்தார். அம்மருந்து நுரையீரலுக்குக் கேடு செய்தமை 1950 களில் வெளிவந்த கட்டுரைகளிற் சொல்லப்பட்டிருந்தது. ஆராய்ந்தவர் அவற்றைத் தேடிக் கண்டிலர். கொடுத்தவரது ஈகை எவ்வளவு உயர்ந்ததோ, அவ்வளவு கொடிது பெற்றவரது அசட்டை. உலக வைத்தியச் சங்கத்தார் 1964 ஆம் ஆண்டிலே ஹெல்சிங்கியில் வெளியிட்டுப் பின் பலமுறை திருத்திய பிரகடனம், ஆராய்ச்சியின் பயனினும் அதற்கு உட்பட்டவரது நலமே முற்பட்டதென விதிக்கின்றது.

மற்றொன்றும் ஈண்டுச் சிந்திக்கற்பாலது. மூச்சுக்குத் தவிப்பவர் எந்தப் பத்திரத்திலும் கையொப்பமிடுவர். மருந்து வாங்கப் பொருளில்லாத ஏழையும் அவ்வாறே. அவரது உடன்பாடு உடன்பாடாமோ? முட்டுத் தணிந்து, மனந் தெளிந்து, வீட்டாரோடு கலந்து, மறுக்கவும் இடமுள்ளபோது கொடுப்பதே உடன்பாடாம்.

ஆகவே, சேர விரும்புவோர் செய்யத்தக்கன இவை. தம்மைப் பார்க்கும் வைத்தியரை முதலிற் கேட்க. பின்பு பதிவேடுகளை நோக்குக. இலங்கை வைத்தியச் சங்கத்தார் 2006 ஆம் ஆண்டு முதல் மருந்துப் பரீட்சைப் பதிவேடொன்றை நடத்தி வருகின்றனர். இந்தியாவுக்கு 2007 இல் ஒன்று தொடங்கப்பட்டது. பல நாட்டுப் பதிவேடுகளை உலக சுகாதார நிறுவனம் ஒருங்கு திரட்டி வைத்திருக்கின்றது. பதிவேட்டில் இல்லாததும் அறநெறிக் குழுவின் அனுமதி பெறாததுமாகிய சோதனையை அணுகாதொழிக. இப்பொழுது உட்கொள்ளும் மருந்தை நிறுத்தவேண்டுமோ, இடையிலே முட்டு மிகுந்தால் யாது செய்வர், கேடு விளைந்தால் யார் பொறுப்பர், சோதனை முடிந்தபின் அம்மருந்து தமக்குக் கிடைக்குமோ என்று கேட்க. எந்நாளிலும் காரணஞ் சொல்லாது விலகலாம் என்பதையும், விலகினால் வழக்கமான வைத்தியம் குறையாது என்பதையும் உறுதிசெய்க.

இவையெல்லாம் அறிந்தபின்னும், இது தமக்கு வைத்தியமாகுமென்று எண்ணிச் சேர்வாராயின் ஏமாற்றமடைதல் கூடும். பயன் தமக்கு வரினும் வராதொழியினும், பின்வரும் நோயாளர் மூச்சு விட ஒரு வழி தெரியட்டும் என்னும் எண்ணத்தோடு சேர்பவரே அறிந்து கொடுத்தவராவர். அவ்வீகை அறமேயாம். சேர மனமில்லாதார் மறுத்தலும் குற்றமன்று. ஈகை வற்புறுத்தப்பட்டவிடத்து ஈகையாகாதன்றோ. பிராணவாயு பெற்று இன்று வீட்டிலே அமைதியாகத் துயிலும் ஒவ்வொருவரும், பெயரறியாத அந்த 87 பேருக்கும் கடமைப்பட்டவரென்பதை யாம் மறவாதிருப்போமாக.