எச்சதத்தன் கைக்கோல்

சமயபாடம் கற்பிக்கும் உபாத்தியாயர் பலர்க்கு நேர்ந்திருக்கக்கூடிய ஒரு காரியத்தை முதற்கண் கூறி, அதன்மேல் ஆராயப் புகுகின்றோம்.

பல ஆண்டுகளின் முன் நம் வகுப்பிலே ஒன்பதாந் தரத்து மாணவனொருவன் இருந்தான். புத்திமான், கேட்க நினைத்ததைக் கேட்டே விடுபவன். ஒருநாட் காலைப் பிரார்த்தனையில் அவன் தேவாரம் ஓதாது வாளா நின்றான். நெற்றியிலே திருநீறும் இல்லை. காரணம் வினவினோம். தனக்கு நம்பிக்கையில்லாத ஒன்றை வாயாற் சொல்வது பொய்யாகாதோ என்றான். நாம் அவனுக்கு விடை கூறவில்லை. அவன் தந்தையார்க்குக் கடிதம் எழுதினோம். அவர் கோயிற்றிருவிழாவொன்றின் உபயகாரர், ஆசாரசீலர். மூன்றாநாள் மாணவன் நெற்றி நிறைய நீறு பூசி வந்து, எல்லாருடனுங் கூடிப் பாடினான். கெண்டைக்கால்களிலே பூவரசங்கம்பின் தழும்பு வரிவரியாகக் கிடந்தது. அடித்தவர் தந்தையார், அடிக்குக் காரணர் நாம்.

அவ்வாரத்துக்குரிய பாடம் சண்டேசுர நாயனார் புராணம். சேய்ஞலூரிலே விசாரசருமர் என்னுஞ் சிறுவர் மண்ணியாற்றங்கரையில் ஆத்திமரத்தின் கீழே மணலாற் சிவலிங்கம் அமைத்து, தாம் மேய்க்கும் பசுக்கள் சொரிந்த பாலை அபிடேகஞ் செய்தனர். தந்தையாகிய எச்சதத்தன் அவர் முதுகிலே கோலால் அடித்தான். அடியையும் உணராது பூசையில் நின்ற மைந்தரைக் கண்டு வெகுண்டு, பாற்குடத்தைக் காலால் இடறினான். அவர் அருகிற் கிடந்த கோலை எடுக்க, அது மழுவாகி அவன் தாள்களைத் துணித்தது. இதனை நாம் மைந்தரின் பத்திக்கு உதாரணமாகவே படிப்பித்து வருகின்றோம். தந்தையின் பக்கத்தை நின்று நோக்குவார் அரியர்.

எச்சதத்தன் நாத்திகனல்லன், வேதியர் குலத்தவன். பாலை மணலிலே சொரிவதனால் வேள்விக்குரியது பாழாகின்றதென்று ஊரார் கருதினர். ஆதலால் அவன் அடித்தது, தன் கருத்தின்படி, சமயத்தைக் காத்தற்கேயாம். அதனைத் தொடக்கியவன் யார்? உண்மையறியாத ஒருவன் கண்டு போய் மறையவர்க்குச் சொன்னான். அவர் தந்தையை அழைத்துக் கடிந்தனர். அவன் பழிக்கு அஞ்சி, இனி நிகழின் குற்றம் தன்மேலதென ஏற்று, மறுநாட் குராமரத்தில் ஏறி மறைந்திருந்தான். கோபத்துக்கு முன்னே அச்சம் நின்றது. அவ்வச்சமோ இறைவனைப்பற்றியதன்று, ஊரைப்பற்றியது. கண்டு சொன்ன அவ்வொருவனுக்குச் சேக்கிழார் பெயர் கொடுத்திலர். அவ்வாரம் அப்பாடத்தைச் சொல்லும்பொழுது, அவ்விடத்திலே நிற்பவர் நாமே என அறிந்து நாத்தடுமாறினோம்.

அவர் சிவனடியார், இவனோ நீற்றை வெறுத்தவன், இருவரும் ஒப்பாராதல் எங்ஙனம் என்பார் உளர். குராமரத்தின்மேலிருந்து நோக்குவார்க்கு, பூசை செய்வாரும் மணல் விளையாடுவாரும் ஒருதன்மையராகவே தோன்றுவர். எச்சதத்தன் தன் மைந்தரைச் சமயத்துக்குக் கேடு சூழ்பவரென்றே கண்டான். கோலெடுத்தவர் எவரும் அவ்வாறே காண்பர். பிள்ளையின் உள்ளத்தே நிகழ்வது தேடலோ செருக்கோ என்பது கோலுக்குத் தெரியாது.

நமது சித்தாந்தத்தை நோக்குமிடத்தும், உயிர் பக்குவமெய்துவது மலபரிபாகத்தாலும் திருவருளாலும் என்பதேயன்றி அடியினால் என்பது யாண்டுமில்லை. புறச்சமயங்களையும் உயிர் ஏறிவரும் படிகளெனக் கொள்ளும் நெறி நம்முடையது. எண்ணில் பிறவிகளைக் கொடுத்து இறைவன் காத்திருக்க, மகன் ஓராண்டு ஐயுற்றிருத்தலைத் தந்தையாற் பொறுக்க முடியவில்லையெனின், அவர் காப்பது எதனை?

இக்கொடுமை ஒரு சமயத்தார்க்கே உரியதன்று. வட அமெரிக்காவில் மாசச்சூசெற்ஸ் குடியேற்றத்தை நிறுவிய கடுநெறிக் கிறித்தவர், பதினாறு வயது நிரம்பிய மகன் பெற்றோர் சொற்கேளாது பிடிவாதமாய் நின்றால், அவர்களே அவனை நீதிபதிகள்முன் கொணர்ந்து கொலைத்தண்டனை பெறுவிக்கலாமென 1646ஆம் ஆண்டிற் சட்டஞ் செய்தனர். பழைய ஏற்பாட்டில் உபாகமம் என்னும் நூல் கூறும் விதியை அவ்வாறே எடுத்துக்கொண்டனர். அதனால் எந்தப் பிள்ளையும் கொல்லப்பட்டதாகப் பதிவில்லை. எனினும் தண்டம் மாறி வடிவு மாறி அச்சட்டம் 1973ஆம் ஆண்டுவரை நின்றது. அதே விதியை வேதவாக்காகக் கொண்ட யூத அறிஞர் செய்ததோ வேறு. தல்மூட் என்னும் நூலிலே அவர், அவ்விதி செல்லுதற்குத் தாயும் தந்தையும் குரலாலும் தோற்றத்தாலும் உயரத்தாலும் ஒத்திருத்தல் வேண்டுமென்பன முதலாக நிபந்தனைமேல் நிபந்தனை அடுக்கினர். அங்ஙனம் ஒரு மகன் இருந்ததுமில்லை, இருக்கப்போவதுமில்லை என்னுங் கொள்கையும் அங்கே கூறப்பட்டுள்ளது. ஒருவர் மறுத்தும் உரைத்தார். அதுவும் அந்நூலிலேயே இருக்கின்றது. வேதத்தை அழிக்காமலே பிள்ளையைக் காத்த உரையாசிரியர்கள் அவர்கள்!

நமக்கு அத்துணைத் தூரஞ் செல்லவேண்டுவதில்லை. பெரியபுராணத்திலேயே திலகவதியார் இருக்கின்றார். தாம் உயிர்தாங்கி வளர்த்த தம்பியார் சமணஞ் சார்ந்து தருமசேனராயினார். அம்மையார் ஆள்விட்டு இழுத்துவந்தாரல்லர். திருவதிகை வீரட்டானத்திலே திருவலகிட்டு, மெழுகி, மாலை தொடுத்து, இறைவனிடம் விண்ணப்பஞ் செய்தார். சூலைநோயால் வருந்திய தம்பியார் ஆளனுப்பியபொழுதும், சமணர் இடத்துக்குத் தாம் வாரேன் என்றார். தம் நெறியைத் தளர்த்தினாரில்லை. அவர் இரவிலே வந்து அடிவீழ்ந்தபொழுது, பழைய கணக்கு ஒன்றையும் எடுத்துரையாது, திருவைந்தெழுத்தோதி நீறு கொடுத்தார். அந்நீற்றைத் தாமே நீட்டிய கையால் ஏற்றமையாலன்றோ நமக்குத் திருநாவுக்கரசர் கிடைத்தார்!

அடியாத மாடு படியாது என்று பழமொழி சொல்வாரோடு வாதிக்க நமக்கு இடமில்லை, பிள்ளை மாடன்று. சட்டமும் இன்று அவர் பக்கமில்லை. நமது தண்டனைச் சட்டக்கோவையிலே சிறுவர்க்கிழைக்குங் கொடுமை 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தால் தனிக்குற்றமாக்கப்பட்டது. பாடசாலைகளில் உடற்றண்டனையை விலக்கிய சுற்றறிக்கை 2005ஆம் ஆண்டுக்குரியது. நாம் கம்பைக் கீழே வைத்துவிட்டோம். ஆயினும் வீட்டிலுள்ள கம்பைக் கடிதத்தால் எடுப்பிக்கின்றோம். பெண்பிள்ளைகள் விடயத்தில் இது இன்னுங் கொடிது. வேற்றுச் சமயத்தானோடு பேசினாள் என்று நாம் சொல்லும் ஒருசொல், அவள் படிப்பை நிறுத்தி வீட்டிற் பூட்டிவைக்கப் போதுமாகும். மகளைக் கொன்றே மானங்காத்ததாகக் கூறிக்கொள்ளுங் குடும்பங்கள் பல தேசத்தும் பல சமயத்தும் உள. அவ்வீடுகளிலும் முதலிலே யாரோ ஒருவர் வந்து சொல்லியிருப்பர்.

ஆதலால் அதன்பின் நாம் சமயபாடத்தைப்பற்றிய எந்த முறைப்பாட்டையும் வீட்டுக்கு எழுதுவதில்லை. ஐயங் கேட்கும் பிள்ளையைப் பாடசாலை விட்டபின் இருத்திப் பேசுகின்றோம். நமக்கு விடை தெரியாதபொழுது தெரியாதென்கின்றோம். சில உபாத்தியாயர் இதனைத் தளர்ச்சியென்று குறைகூறுகின்றனர்.

அம்மாணவன் நம்மிடம் மறுபடி ஒன்றும் வினவவில்லை. நாடோறும் நீறு பூசி வந்தான்; பாடினான்; ஆண்டிறுதியில் வேறு பாடசாலைக்குப் போயினான். நம்பாததை வாயாற் சொல்வது பொய்யாகாதோ என்றானல்லவா? ஆம், பொய்தான், நீ பாடவேண்டாம், எங்களோடு நின்று கேள் என்று அன்றே சொல்லியிருக்கலாம்.