தாயின் பொறுப்பும் அறியாமையும்

குறையோடு குழந்தை பிறந்தவிடத்து, “தாய் என்ன செய்தாள்?” என்னும் வினாவே முதலில் எழுகின்றது. பிளவுண்ட உதட்டைக் கண்டவர்கள், அவள் கிரகண வேளையில் வெளியே சென்றிருப்பாள் என்றனர். இன்று கிரகணத்தின் இடத்தை உணவும் மதுவும் புகையும் மருந்தும் பெற்றுள்ளன. முன்னையதற்கு ஆதாரமில்லை, பின்னையவற்றுக்கு விஞ்ஞான ஆதாரம் உண்டு. ஆயினும் வினாவின் தொனி மாறவில்லை. ஏதுவைச் சுட்டுதல் வேறு, குற்றஞ் சுமத்துதல் வேறு என்பது மறக்கப்படுகின்றது.

வற்புறுத்தலாலும் அறியாமையாலும் நிகழ்வன ஒருவன் விரும்பிச் செய்தவையாகா என்பது அரிஸ்டோட்டிலின் கொள்கை. ஆனால், குடித்து மயங்கியவனின் அறியாமைக்கு அவனே பொறுப்பாளி என்றும் அவர் கருதினார். எனவே, தாயின் அறியாமை அவளே தேடிக்கொண்டதா என்பதே ஆராயத்தக்கது.

மூளையும் முண்ணாணும் தோன்றுவதற்கு மூலமான நரம்புக் குழாய், கருத்தரித்து ஏறத்தாழ 28 நாட்களுள் மூடிக்கொள்கின்றது. அது முற்றாக மூடாவிடில் முள்ளந்தண்டுப் பிளவு போன்ற குறைகள் உண்டாகின்றன. தாம் கருவுற்றிருப்பதைப் பல பெண்கள் அறியுமுன்னரே அந்நாட்கள் கழிந்துவிடுகின்றன. முன்னர் இத்தகைய குறையுள்ள கருவைச் சுமந்த பெண்கள், கருத்தரிக்குமுன்பே போலிக் அமிலம் உட்கொள்ளத் தொடங்கினால், அக்குறை மீண்டும் நேர்வது 72 சதவீதத்தால் குறையுமென்பதைப் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபையின் ஆய்வு 1991இல் காட்டியது. அப்படியாயின், கடமையை ஆற்றவேண்டிய காலம், கடமை உண்டென அறியும் காலத்துக்கு முந்தியதாகின்றது. இயலாததைக் கடமையென்று ஒருத்திமேற் சுமத்துதல் எவ்வாறு பொருந்தும்? அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1998 முதல், ஊட்டம் சேர்த்து விற்கப்படும் தானிய மாவில் இவ்வமிலத்தைக் கலப்பது கட்டாயமாயிற்று. அங்கே தாயின் கடமையில் ஒரு பங்கு மாவாலைக்கும் சட்டத்துக்கும் மாறியது, அம்மாற்றம் நீதியானதே.

தலிடோமைட்டின் வரலாறு இன்னும் கடுமையானது. 1957இல் மேற்கு ஜேர்மனியில் விற்பனைக்கு வந்த அம்மருந்து, தீங்கற்றதெனக் கருதப்பட்டுக் கர்ப்பகாலக் குமட்டலுக்கும் வழங்கப்பட்டது. 1961 நவம்பரில் அது அங்கு மீளப் பெறப்பட்டது. அதற்குள் பல நாடுகளிலும் கைகால் குன்றிய குழந்தைகள் பிறந்துவிட்டன. பாதிக்கப்பட்டோர் 10,000 பேருக்கு மேலென மதிப்பிடப்படுகின்றது. அத்தாய்மார் வைத்தியரின் சொற்கேட்டு நடந்தவர்கள். இருந்தும் தம்மையே நொந்துகொண்டனர். உற்பத்தி நிறுவனமோ 2012இலேதான் மன்னிப்புக் கோரியது! போதிய சான்றில்லையென அனுமதி மறுத்த பிரான்சிஸ் கெல்சி என்னும் அதிகாரியின் ஐயம் அமெரிக்கக் குழந்தைகள் பலரைக் காத்தது. தாய்மாரின் எந்த முன்னெச்சரிக்கையும் அதனைச் செய்திருக்கவியலாது.

மதுவின் விடயம் இத்துணைத் தெளிவானதன்று. கருவை அது தாக்குமென்பதை 1973இல் ஜோன்ஸ், சிமித் ஆகியோர் எழுதிய கட்டுரைகள் உலகறியச் செய்தன. அறிந்தும் அருந்துபவளுக்குப் பொறுப்பே இல்லையெனல் அவளை அறிவற்றவளாக்குவதாகும். ஆனால் அடிமைப்பட்ட பழக்கம் வற்புறுத்தலை ஒத்தது. மேலும், பழிக்கு அஞ்சுபவள் உண்மையை மறைப்பாள். “குடிப்பதுண்டா?” என வைத்தியர் வினவும்போது அவள் இல்லையென்று கூறிவிட்டால், அக்கருவுக்கு உதவக்கூடிய ஒரே வாயிலும் அடைபட்டுவிடுகின்றது.