நாடா அளப்பது எதனை?

காசிமேட்டுத் துறைமுகத்திலே வலை இழுத்து உரமேறிய கைகள் அவனுக்கு. என்னிடம் படித்தவன். காவலர் வேலைக்கு எழுத்துத் தேர்வு எழுதினான், வென்றான். மகிழ்ந்தோம். பிறகு உயரம் அளந்தனர். ஒரு சென்டிமீட்டர் குறைவு! திரும்பி வந்தான். "என் உடம்பு உதவாத உடம்பா, ஐயா?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு விடை தேடுகிறேன்.

விதி இது: தமிழ்நாட்டுக் காவலர் தேர்விலே ஆண்களுக்கு 170 சென்டிமீட்டர் உயரம் வேண்டும், ஆதிதிராவிடர், அருந்ததியர், பழங்குடியினருக்கு 167. பெண்களுக்கு 159, 157. ஆண்களின் மார்பு 81 சென்டிமீட்டர் இருக்கவேண்டும். மூச்சிழுத்தால் மேலும் 5 விரியவேண்டும். 1500 மீட்டரை ஆண்கள் 7 நிமிடத்துக்குள் ஓடவேண்டும்.

ஓட்டத்தை ஒப்புகிறேன். திருடனைத் துரத்தக் கால் வேண்டும். இன்று ஓட இயலாதவன் ஆறு திங்கள் கடற்கரை மணலிலே பயின்றால் ஓடுவான். அந்தச் சோதனை உழைப்பை அளக்கிறது. உயரம்? எந்தப் பயிற்சி தரும் அதை?

"உயரம் பரம்பரைச் சொத்து" என்பர் சிலர். பரம்பரைக்குப் பங்குண்டு, முழுப் பங்கு இல்லை. 1896-இல் பிறந்த தென்கொரியப் பெண்ணைவிட, 1996-இல் பிறந்தவள் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயரம் என்று உலக அறிஞர்களின் ஆய்வு 2016-இல் அறிவித்தது. நூறாண்டுகளில் இரத்தமா மாறிவிட்டது? சோறு மாறியது! நோய் குறைந்தது! ஆக, நாடா அளப்பது உடலின் ஆற்றலை மட்டுமல்ல. தாய் கருவுற்றிருந்தபோது பட்ட பட்டினியையும், குழந்தைப் பருவத்திலே குடித்த கஞ்சியின் அளவையும் சேர்த்தே அளக்கிறது. பசித்தது குற்றமா, தோழர்களே?

உடலை அளந்து மனிதனைத் தரம் பிரித்த கதை நமக்குப் புதிதன்று. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன், மக்களின் மூக்கையும் தலையையும் அளந்து சாதிகளை ஆராய்ந்தார். 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தலைமை தாங்கிய இராபர்ட்ஸ், தென்னாட்டார் போருக்கு ஏற்றவரல்லர் என்றார். தமிழரின் இடம் படையிலே சுருங்கிற்று. இரண்டாம் உலகப் போரிலே ஆள் தேவைப்பட்டதும், அதே தென்னாட்டாரைத் திரட்டினர்! உடலா இடையிலே மாறியது? தேவை மாறியது, தகுதியின் இலக்கணமும் மாறியது!

அப்படியானால் அளவுகோலையே முறித்தெறிவோமா? கூடாது. அளவு ஒழிந்த இடத்திலே பரிந்துரை புகும்; பரிந்துரையின் பின்னே சாதி புகும். அளந்தறிவதே பகுத்தறிவின் வழி. ஆயினும், "எதை அளக்கிறாய்? எந்தப் பணிக்காக அளக்கிறாய்?" என்று கேட்பதும் அதே பகுத்தறிவுதான். பணி கேட்கும் ஆற்றலை அளப்பது அறிவு. பணிக்கும் அளவுக்கும் உள்ள தொடர்பை மெய்ப்பிக்காமல், பழக்கம் என்பதற்காகவே அளப்பது சடங்கு. நெற்றியிலே பூசினால்தான் சடங்கா? நாடாவிலும் உண்டு!

வண்ணாரப்பேட்டையிலே கல்லூரியின் பெயராக வாழும் பிட்டி தியாகராயர், 1920-இல் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோது ஆயிரம் விளக்குப் பள்ளியிலே பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு வழங்கச் செய்தார். 1956-இல் காமராசர் அதை மாநிலமெங்கும் விரித்தார். 1982-இல் சத்துணவு, 2022-இல் காலை உணவு. "உனக்குத் தகுதி இல்லை" என்று பிள்ளையை ஒதுக்காமல், தகுதி வளரச் சோறிட்ட வழி அது.

என் மாணவனுக்குச் சொன்னேன்: "உன் உடம்பு உதவாத உடம்பன்று, தம்பி. அந்த ஒரு சென்டிமீட்டர் உன் கடன் அன்று. இந்தச் சமுதாயம் உனக்குப் பட்ட கடன்."

அவன் பேசவில்லை. மறுநாள் விடியுமுன் படகேறினான். அந்தக் கடனைத் தீர்க்க வேண்டியவர்கள் நாம்.