நிலைப்புலனும் உயிர்க்கடனும்

திருவாலங்காட்டு இரத்தினசபையிலே, ஒரு திருவடி ஊன்றி ஒரு திருவடி வானோக்கி எடுத்து நின்றருளும் கூத்தப்பெருமானை வணங்கி மீளும் நாம், இரண்டு காலில் தள்ளாடாது நடந்து வருதலும் ஓர் அருட்கொடை என நினைப்பதில்லை. அதே திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளில் உயர்ந்த சாரத்தின்மேல் நின்று வேலை செய்வார் அதனை அறிவர்.

நிற்றற்குத் துணையாம் புலன் உட்செவியில் உள்ளது. ஒன்றற்கொன்று செங்குத்தாய் அமைந்த மூன்று அரைவட்டக் குழல்கள் ஆண்டு உள. தலை திரும்புங்கால் அவற்றின் நீர் பின்தங்கி மயிரணுக்களை அசைக்கும். அச்செய்தி நரம்புவழிச் செல்லக் கண்கள் எதிர்ப்புறம் தாமே திரும்பிக் காட்சியை நிலைநிறுத்தும். இஃது அனிச்சைச் செயல். ஜென்டமைசின் போலும் மருந்துகளால் இரு செவியிலும் மயிரணுக்கள் கெட்டார்க்கு, நடக்குந்தோறும் உலகமே ஆடும்.

இக்குறை தீர்த்தற்கு, அமெரிக்க நாட்டு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார், தலையின் சுழற்சியை உணர்ந்து நரம்புக்கு மின்துடிப்பாய் உணர்த்தும் கருவியொன்றை அமைத்தனர். சின்சில்லா என்னும் கொறிவிலங்குகட்கும் குரங்குகட்கும் மருந்தினால் நிலைப்புலனை அழித்துப் பின் கருவியைப் பொருத்திக் கண்ணின் அனிச்சைச் செயலை மீளப் பெற்றனர். 2016-ல் மாந்தர்க்குப் பொருத்தத் தொடங்கினர். எண்மர் நிற்றலிலும் நடத்தலிலும் நலம் பெற்றமை 2021-ல் வெளியாயிற்று. அவருட் சிலர்க்கு அச்செவியின் கேட்கும் ஆற்றல் குன்றியதும் உடன் கூறப்பட்டது.

அற்றேல், புலனைக் கருவியே ஈடுசெய்யுமாயின் உயிர் என வேறொன்று வேண்டா என்பாரும் உளர். அது பொருந்தாது. கண்ணாடி அணிந்தான் காணுங்கால் காண்பது கண்ணாடி அன்று. பொறிகள் சடம், அவை உணர்த்த உணர்வது உயிர் என்பதே சித்தாந்தத் துணிபு. ஒரு பொறி கெட மற்றொன்று அதன் தொழிலை ஏற்றமை அத்துணிபை வலியுறுத்துமேயன்றி மறுக்காது.

பெரிய வினா வேறு. சின்சில்லாக்களில் முதற்கண் மின்னோட்டம் அயல் நரம்பிலும் பரவ, கண்கள் நெறி பிறழ்ந்து திரும்பின. ஒரு வாரம் கருவி இடையறாது இயங்கியபின் அப்பிழை பெரிதும் குறைந்தது. திருந்தியது கருவியன்று, விலங்கின் மூளை. பழகித் தேறும் ஓர் உயிர் ஆங்கு இருந்தது என்பதற்கு வேறு சான்று எற்றுக்கு?

ஆகவே இருதலையும் இடர்ப்பாடு. விலங்கு நம்மை ஒவ்வாதாயின் அவ்வாராய்ச்சியாற் பயனில்லை. ஒக்குமாயின் அதன் நோவும் நம் நோவை ஒக்கும். பயன் மிகுந்தோறும் கடனும் மிகும். நலம் பெற்ற நோயாளரை யாம் பழிக்கவில்லை. தள்ளாடுவார்க்கு ஊன்றுகோல் நல்குதல் அறமே. ஆயினும், "எமக்கு உரிமை" என்பதினும் "யாம் கடன்பட்டேம்" என்பதே மெய்ம்மொழி. நம் நாட்டு 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டமும், தவிர்க்கக்கூடிய இடத்து இத்தகைய சோதனையைத் தவிர்க்க என்றே நெறி வகுத்தது. அறிந்ததனை மீளவும் அறிதற்கு ஓர் உயிரை வருத்தாமை, வருத்த நேரினும் நோவறியா வண்ணம் செய்தல், வேறு வழியுள்வழி அதனையே பற்றல் ஆகிய மூன்றும் அக்கடனைச் சிறிதளவேனும் தீர்க்கும்.

பசு என்னும் பெயரால் நம் ஆசிரியர் மாந்தரை வேறு, விலங்கை வேறு எனப் பிரித்திலர். அச்சொல்லை நாளும் ஓதும் நாம், அதன் பொருளை ஆராய்ச்சிக் கூடத்தின் வாயிலில் விட்டுச் செல்லல் ஆகாது.