பொய்த் தேவனும் மெய்த் துறவும்

மனிதன் தன்னினும் வலியதொன்றைக் கண்ட போதெல்லாம் கைகூப்பியே வந்திருக்கிறான். இடியையும் நெருப்பையும் வணங்கினான், முடிமன்னர்களையும் வணங்கினான். ஆயின், வலிமை ஒன்றே வழிபாட்டுக்குரிய தகுதியாகுமா என்னும் வினா இன்னும் தீர்ந்தபாடில்லை. சிறுவர்க்குரியது என்று பெரியோர் ஒதுக்கிவைக்கும் சித்திரக் கதைகளுள் ஒன்று இவ்வினாவை வியக்கத்தக்க துணிவோடு எழுப்பியிருக்கிறது.

அமெரிக்க மார்வல் நிறுவனத்தார் 1988ஆம் ஆண்டின் இறுதியிலும் 1989ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் இரண்டு இதழ்களாக வெளியிட்ட 'சில்வர் சர்ஃபர்' கதையே அது. பின்னர் நூலாகத் தொகுக்கப்பட்டபோது, உவமைக் கதை எனப் பொருள்படும் 'பேரபிள்' என்னும் பெயரைப் பெற்றது. எழுதியவர் ஸ்டான் லீ. வரைந்தவர் மோபியஸ் என்னும் புனைபெயரால் புகழ்பெற்ற பிரெஞ்சு ஓவியர் ழான் ழிரோ.

கதையின் இரு பெரும் பாத்திரங்களும் 1966இல் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' இதழில் பிறந்தவர்கள். கோள்களின் உயிராற்றலை உண்டு பசியாறும் பேருருவன் கேலக்டஸ். தன் கோளைக் காக்கும் பொருட்டுத் தன்னையே அவனுக்கு ஊழியனாக ஒப்புக்கொடுத்து, வெள்ளி மேனி பெற்று, அலைச்சறுக்குப் பலகையொன்றில் விண்வெளியைக் கடந்து திரிந்தவன் நோரின் ராட் என்னும் சில்வர் சர்ஃபர். இவ்வூழியனை ஸ்டான் லீ கற்பனை செய்யவில்லை என்பது சுவையான செய்தி. ஓவியர் ஜாக் கெர்பி வரைந்து கொணர்ந்த பக்கங்களிலேதான் அவன் முதன்முதலாகத் தென்பட்டான். இத்துணைப் பெரியவனுக்கு முன்னோடித் தூதன் ஒருவன் வேண்டுமன்றோ என்று ஓவியரின் உள்ளத்துக்குத் தோன்றியிருக்கிறது!

'பேரபிள்' கதையில் கேலக்டஸ் மீண்டும் பூமிக்கு வருகிறான். பூமியைத் தன் கையால் அழிப்பதில்லை என்னும் வாக்குறுதி அவனைக் கட்டியிருக்கிறது. ஆயினும் பசி விடவில்லை. மாநகரின்மேல் வந்திறங்கிய அப்பேருருவைக் கண்டு மக்கள் திகைக்கின்றனர். பின்னர் கடவுளே வந்துவிட்டார் என்று மண்டியிடுகின்றனர். அவனும் மறுக்கவில்லை. சட்டம் வேண்டா, கட்டுப்பாடு வேண்டா, விரும்பியதெல்லாம் செய்யுங்கள் என்று அருள்வாக்குத் தருகிறான். மனிதர் தம்மைத் தாமே அழித்துக்கொண்டால் வாக்கும் தவறாது, உணவும் கிடைக்கும் என்பது அவனது கணக்கு.

நம் இலக்கியம் அறிந்த பொய்த் தேவன் இரணியன். அவன் தன் பெயரையே ஓதுமாறு அச்சுறுத்தினான். ஆகவே எதிர்த்து நிற்கப் பிரகலாதனுக்கு ஓர் இடம் இருந்தது. கேலக்டஸோ எதையும் கட்டளையிடவில்லை. மக்கள் உள்ளூர விரும்பியதையே அவர்களுக்கு அருளாகத் திருப்பித் தந்தான். தன் இச்சைக்கு இசைவு தரும் தெய்வத்தை எதிர்க்க எவன் முன்வருவான்? இரணியனைக் காட்டிலும் இவன் கொடியவன் எனல் தகும்.

தெய்வம் வந்தால் பூசாரியும் வந்துவிடுகிறார். கோல்டன் கேண்டல் என்னும் தொலைக்காட்சிச் சமயப் போதகர், கேலக்டஸின் தூதர் தாமே என்று முழங்குகிறார். இது வெறுங் கற்பனையன்று. ஜிம் பேக்கர் என்னும் தொலைக்காட்சிப் போதகர் இழிபுகழுக்கு ஆளாகித் தம் பொறுப்பைத் துறந்தது 1987இல். கேண்டலின் தங்கை எலைனா ஒருத்தியே ஐயுறுகிறாள். நடுவே நிகழும் மோதலில் சிக்கி அவள் உயிர் துறக்கிறாள்.

அதுவரை கந்தலாடை போர்த்து ஏதிலியாய்த் தெருவில் திரிந்த சர்ஃபர், கேலக்டஸை எதிர்த்து நிற்கிறான். வெல்லும் வலிமை அவனுக்கு இல்லை. ஆயினும் அப்போரில் நகரம் நொறுங்குவதைக் கண்ட மக்களுக்கு மயக்கம் தெளிகிறது. வணங்குவோர் இல்லாத இடத்தில் தேவனுக்கு வேலையில்லை, கேலக்டஸ் அகல்கிறான்.

சாதாரண வீரக் கதையாயின் இவ்விடத்தே முடிந்திருக்கும். இக்கதையின் பெருமை இதற்குப் பின்னரே தொடங்குகிறது. ஒரு தேவனை இழந்த மக்கள் மறுகணமே இன்னொருவனைத் தேடுகின்றனர். எங்களுக்குத் தலைமை தாங்கு என்று சர்ஃபரையே வேண்டுகின்றனர். நயமாக மறுத்தால் அப்பணிவையே தெய்வக் குணமாகக் கொண்டாடுவர் என்பதை அவன் உணர்கிறான். ஆகவே ஆணவம் கொண்டவனைப் போல நடித்து, ஆட்சிவெறி பிடித்தவன் எனத் தன்னைக் காட்டிக்கொள்கிறான். போற்றிய வாய்களே அவனைத் தூற்றி விரட்டுகின்றன.

பொய்த் தேவனை ஒழிக்கப் பொய் சொல்லலாமா? குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யும் மெய்யின் தகுதி பெறும் என்று வள்ளுவப் பெருந்தகை வாய்மை அதிகாரத்திலேயே இடமளித்திருக்கிறார். அவ்வளவையால் நோக்கின் சர்ஃபரின் செயல் பழுதற்றதே. அவனுக்கு அதனால் வந்த ஆதாயம் எதுவுமில்லை, நற்பெயரைக்கூட இழந்தான். நற்பெயரைத் துறப்பது பொன்னையும் மண்ணையும் துறப்பதினும் அரிது.

எனினும் ஒன்று உறுத்துகிறது. மக்கள் அவனை விட்டு நீங்கியது தெளிவினாலா, வெறுப்பினாலா? வெறுப்பினாலேயே. கேலக்டஸைத் தேவன் என்று சொன்னவர்களும், சர்ஃபரைத் தலைவன் ஆக்க முனைந்தவர்களும், அவனைக் கொடியவன் என்று துரத்தியவர்களும் ஒரே கூட்டத்தினர். ஐயுறக் கற்ற எலைனாவோ அக்கூட்டத்தில் இல்லை. அவளைப் போன்ற இன்னொருத்தி அங்கே உருவானாளா என்பதைக் கதை சொல்லவில்லை. சர்ஃபர் தன் பலகையில் ஏறித் தனியனாக வெளியேறுகிறான். அவன் நடித்தான் என்பதைக் கீழே நின்ற அக்கூட்டம் அறியவே இல்லை.